பிறர் தீட்டிய நம் உருவம்

மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குச் சென்று மகிமை மாதாவைத் தரிசித்து வரும் நம் குடும்பங்கள், அவ்வூரின் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தையும் கண்டிருக்கக் கூடும். அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. பிள்ளைகள் அவற்றைப் பார்த்து அஞ்சுவதும், பின்பு அவற்றோடு ஒட்டி நின்று படம் எடுத்துக்கொள்வதும் வழக்கம். 1613-இல் அங்கே கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பிய ஒல்லாந்து வணிகர், இப்பகுதித் தறிகளில் நெய்யப்பட்ட துணிக்காகவே வந்தனர். துணியோடு கூட மற்றொரு சரக்கும் இங்கிருந்து கப்பலேறிற்று. நம்மைப் பற்றிய செய்திதான் அது.

ஆபிரகாம் ரொஜேரியுஸ் என்ற புரோட்டஸ்டாண்டு போதகர் 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் பணிபுரிந்தார். பத்மநாபன் என்னும் பிராமணர் ஒருவரோடு பழகி, நம் நாட்டாரின் வாழ்க்கை முறைகளையும் சடங்குகளையும் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். தாயகம் திரும்பிய அவர் 1649-இல் இறந்துபோக, அவருடைய மனைவியார் அக்குறிப்புகளை 1651-இல் லெய்டன் நகரில் நூலாக வெளியிட்டார். மறைந்திருக்கும் புறச்சமயத்திற்குத் திறந்த வாசல் என்பது அந்நூற்பெயரின் பொருள். தமக்குச் செய்தி சொன்னவரின் பெயரை அவர் மறைக்காமல் எழுதினார் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். இனி நாம் சொல்லப் போகும் படங்களில் அப்படிப்பட்ட நேர்மையைக் காண்பது அரிது.

ஐரோப்பாவில் எழுத்தைக் காட்டிலும் படம் விரைவாக விலைபோயிற்று. பிறநாட்டு மக்கள் இன்னின்ன உடை உடுத்துவர் என்று காட்டும் படங்களை அச்சிட்டு விற்பது 16-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு தனித் தொழிலாக வளர்ந்துவிட்டது. 1562-இல் பாரிஸ் நகரில் பிரான்சுவா தெப்ரே என்பவர் வெளியிட்ட சிறிய நூலே இவ்வகையில் முதலாவது என்பர். பல நாட்டு ஆண்களும் பெண்களும் பக்கத்துக்கு ஒருவராக நிற்க, ஒவ்வொருவர் கீழும் நான்கு அடிப் பாட்டு ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அந்நூலில் ஒற்றைக்கண் அரக்கனுக்கும் இடமுண்டு. கடல் துறவி, கடல் ஆயர் எனச் செதிலும் துடுப்பும் கொண்ட இரண்டு உருவங்களும் உண்டு! கடலுக்கடியில் மறைமாவட்டம் இருப்பதாக நம்பத் தயாராயிருந்தவர்கள், கடலுக்கு அப்பால் வாழும் நம்மைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பியிருப்பர் என்பதில் வியப்பில்லை.

1590-இல் வெனிஸ் நகரின் செசாரே வெச்செல்லியோ நானூறுக்கும் மேற்பட்ட மரக்கட்டை அச்சுப் படங்களோடு பெரியதொரு நூலை வெளியிட்டார். 1598-இல் வந்த மறுபதிப்பில் அமெரிக்க மக்களும் சேர்ந்தனர். தம் நகரத்துப் பெண்களின் உடையை வெச்செல்லியோ நேரில் கண்டு தீட்டினார். தொலைநாட்டாருக்கு அவர் நம்பியிருந்தது பயணிகள் எழுதியவற்றையும் பிறர் வெளியிட்ட படங்களையுமே.

இப்படங்கள் உருவான விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். பிழைகள் புகுந்த வழி அதில்தான் தெரியும். பயணி ஒருவர் தாம் கண்டதை ஒரு தாளில் கிறுக்கிக்கொண்டு வருவார். ஊரில் ஓர் ஓவியர் அதை அழகாக மாற்றி வரைவார். கை, கால், நிற்கும் தோரணை ஆகியவற்றை அவர் தாம் கற்ற கிரேக்கச் சிலைகளின் மாதிரியிலேயே அமைப்பார். அதனால் நம் குடியானவரும் அப்பொல்லோ தேவனைப்போல் இடுப்பை வளைத்து நிற்பார். பிறகு செதுக்குபவர், மெருகிட்ட செப்புத்தகட்டின்மேல் அவ்வுருவை மாற்றி, கூரிய உளியால் கோடு கோடாகக் கீறுவார். தகட்டின்மேல் மையைத் தேய்த்து மேற்பரப்பைத் துடைத்துவிட்டால், கீறல்களுக்குள் மட்டும் மை தங்கும். ஈரப்படுத்திய தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் படம் ஏறும். சில ஆயிரம் படிகள் எடுத்ததும் கோடுகள் தேய்ந்து மங்கும். மறுபடியும் கீறி ஆழப்படுத்துவர். அல்லது தகட்டையே வேறொரு வணிகருக்கு விற்றுவிடுவர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தகட்டில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கமாக விழும். தேர்ந்த தொழிலாளர் தகட்டிலேயே திருப்பி வரைந்து இதைச் சரிசெய்வர். மற்றொருவரின் அச்சுப் படத்தைப் பார்த்துத் திருட்டுப் பதிப்புப் போடுபவருக்கு அந்தப் பொறுமை ஏது? கண்டதைக் கண்டபடியே தகட்டில் கீறிவிடுவார். அச்சில் இடமும் வலமும் மாறிவிடும். ஐரோப்பிய வாசகருக்கு அதனால் யாதொரு நட்டமுமில்லை. நம் நிலையோ வேறு. விருந்தினருக்கு வலக்கையால் தாம்பூலம் கொடுக்கும் பெண், திருப்பிய படத்தில் இடக்கையால் கொடுப்பாள். இடத்தோளிலிருந்து வலப்புறம் இறங்கும் பூணூல் வலத்தோளுக்கு மாறினால், அது நீத்தார் கடன் செய்யும் கோலமாகிவிடும். மங்கல நாளைக் காட்ட எண்ணிய படம், தீட்டியவர் அறியாமலே துக்க நாளைக் காட்டும்.

நிறத்தின் கதையும் இத்தகையதே. அச்சில் வருவது கறுப்புக் கோடு மட்டும். வண்ணம் வேண்டுமென்றால் கூடுதல் விலை. தனிக் கூடங்களில் தூரிகை பிடித்துத் தாள் தாளாக வண்ணம் பூசினார்கள். பூசியவர் முன் இருந்தது ஒரு மாதிரிப் படம். அந்த மாதிரிக்கு வண்ணம் தந்தவரும் இந்தியாவைக் கண்டவரல்லர். கைம்பெண்ணின் சேலை வெண்மை என்பதும், முகூர்த்தச் சேலை இன்ன நிறம் என்பதும் அந்தக் கூடத்தில் யாருக்குத் தெரியும்?

வாங்கியவர்கள் யார்? கப்பல் வாணிபத்தில் பணம் போட்டிருந்த வணிகர், வழக்கறிஞர், பிரபுக்கள், கல்லூரித் துறவிகள் எனப் பலர். சிலர் தாள்களைச் சேர்த்துத் தோலட்டையிட்டுக் கட்டி வைத்தனர். 17-ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான பெரிய நிலப்படங்களின் விளிம்புகளில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக ஜோடி உருவங்களைப் பதித்தனர். அந்நிலப்படங்கள் வீட்டுச் சுவர்களில் தொங்கின. 1572 முதல் கொலோன் நகரிலிருந்து வெளிவந்த நகரக் காட்சிகளின் தொகுதியில் நம் கள்ளிக்கோட்டையும் இருக்கிறது. அத்தொகுதியின் படங்களில் முன்புறம் உள்ளூர் உடையில் மனிதர் நிற்பர். அவ்வாறு மனித உருவங்களைச் சேர்த்ததற்குப் பதிப்பாசிரியர் பிரவுன் சொன்ன காரணம் வேடிக்கையானது. உருவப் படங்களைச் சமயம் தடுப்பதால் துருக்கியர் இந்நூலைத் தொடமாட்டார்கள். ஆகவே போர்க் காலத்தில் இந்நகரங்களின் அமைப்பு அவர்களுக்குத் தெரியவராது என்றார். பிற்காலத்தில் இலண்டனில் தாமஸ் ஜெஃப்ரீஸ் 1757 முதல் வெளியிட்ட உடைத் தொகுதி, மாறுவேட விருந்துக்குச் செல்வோர்க்கும் நாடகக்காரர்க்கும் மாதிரிப் புத்தகமாகப் பயன்பட்டது. நம் முன்னோரின் வேட்டியும் தலைப்பாகையும் ஓர் இரவுக் கேளிக்கைக்கு உடையாயின என்று சொல்லலாம்.

இத்தொழிலின் முக்கியமான கண்ணி ஒன்று கோவாப் பேராயரின் அலுவலகத்திலிருந்தே தொடங்குகிறது. யான் ஹியூகன் வான் லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்து இளைஞர் 1583-இல் கோவா வந்து, பேராயர் விசென்தே த பொன்சேக்காவிடம் செயலராகப் பல ஆண்டுகள் இருந்தார். கண்ணில் பட்டவற்றையெல்லாம் வரைந்துகொண்டார். ஊர் திரும்பி 1596-இல் ஆம்ஸ்டர்டாமில் அவர் வெளியிட்ட பயண நூலில் அவ்வரைவுகள் செப்புத்தகட்டுப் படங்களாயின. செதுக்கியவர்கள் வான் டூட்டெகும் சகோதரர்கள். கணவனின் சிதையில் கைம்பெண் பாயும் படம் அவற்றில் ஒன்று. சில ஆண்டுகளுக்குள் பிராங்க்பர்ட்டின் தெ பிரை குடும்பத்தார் அவற்றைத் தங்கள் பெருந்தொகுதிக்கு எடுத்து மறுபடியும் செதுக்கினர். கோவாவில் ஒருவர் கண்ட காட்சி கை மாறிக் கை மாறி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியா இதுதான் என்று ஐரோப்பியர் மனத்தில் நிலைபெற்றது. நேரில் கண்டு வரைந்த ஒருவரிடமிருந்து தொடங்கிய வரிசை இது. அதுகூட இல்லாத வரிசைகள் எத்தனையோ.

பேரரசர் மாக்சிமிலியனின் வெற்றி ஊர்வலத்தைக் காட்டும் புகழ்பெற்ற மரக்கட்டை அச்சுப் படங்கள் 1516-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாயின. அவற்றில் ஹான்ஸ் புர்க்மைர் தீட்டிய கள்ளிக்கோட்டை மக்கள் இறகுப் பாவாடையும் இறகுக் கிரீடமும் அணிந்திருக்கின்றனர். அவர்கள் கையில் மக்காச்சோளம் வேறு இருக்கிறது. மலையாளக் கரையில் எவர் இறகு உடுத்தினார்? அவை பிரேசில் நாட்டுப் பூர்வகுடிகளின் அணிகள். கொலம்பஸ் கண்ட நிலத்துக்கும் இந்தியா என்றே பெயரிட்டுவிட்டதால், ஓவியருக்கு இரண்டு இந்தியரும் ஒருவராயினர்.

இக்குழப்பம் நம் ஆலயக் கலைக்குள்ளும் நுழைந்தது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே உழைத்தார் என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். அவர் ஞானஸ்நானம் கொடுக்கும் காட்சியை 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர் பலர் தீட்டியபோது, அவர்முன் மண்டியிடும் இந்தியனின் தலையில் இறகுக் கிரீடத்தை வைத்தனர். அத்தகைய படங்கள் அச்சாகிப் பக்திப் படங்களாகவும் பரவின. மணப்பாட்டு மீனவரும் புன்னைக்காயல் தாய்மாரும் தங்கள் திருத்தூதரின் படத்திலேயே தங்களை அடையாளம் காண முடியாத நிலை அது. பக்தியோடு தீட்டியவர்களே இப்படிச் செய்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

உடையின் பொருளை நன்குணர்ந்த மறைப்பணியாளரும் அதே காலத்தில் இருந்தனர். 1606-இல் மதுரை வந்த இராபர்ட் தெ நோபிலி சுவாமிகள் காவியுடுத்தி, சந்தனமிட்டு வாழத் தொடங்கியதும் எழுந்த வழக்கு உரோமை வரை சென்றது. பூணூல், குடுமி, சந்தனம் பற்றிய அந்த வழக்கில் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் 1623-இல் சாதகமான தீர்ப்பளித்தார். அவ்வுடை ஒரு சாராரை நெருங்க உதவியது. மற்றொரு சாராரிடமிருந்து விலகவும் செய்தது. பின்னர்ப் பண்டாரசுவாமிகள் என்ற தனிப் பிரிவினர் தோன்றியது அதனால்தான். இதை நாம் மூடி மறைக்கத் தேவையில்லை. ஆயினும் ஒரு துண்டுத் துணிக்குள் மக்கள் எவ்வளவு பொருள் வைத்திருக்கிறார்கள் என்பதை மதுரையிலிருந்த துறவி அறிந்திருந்தார். ஆம்ஸ்டர்டாமில் செதுக்கியவர் அறியவில்லை.

வேடிக்கைப் பொருளாக்கப்பட்டவர்கள் நம் நாட்டார் மட்டுமல்லர். 1723 முதல் ஆம்ஸ்டர்டாமில் பெர்னார் என்ற பதிப்பாளரும் பெர்னார் பிக்கார் என்ற செதுக்கோவியரும் உலக மக்களின் சமயச் சடங்குகளைப் பற்றிப் பல பெரிய தொகுதிகளை வெளியிட்டனர். பழவேற்காட்டு ரொஜேரியுசின் எழுத்தையும் அதில் பயன்படுத்திக்கொண்டனர். பிக்கார் ஐரோப்பாவை விட்டு வெளியே சென்றதேயில்லை. அத்தொகுதிகளில் முதற்கண் இடம்பெற்றோர் யூதரும் கத்தோலிக்கருமே. திருப்பலி, திருமணம், மரித்தோர் சடங்கு, குருக்களின் திருவுடைகள் யாவும், தொலைநாட்டுப் பழக்கங்களுக்கு இணையாகப் புதுமைப் பொருளாய் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டன. நம் ஞாயிறு வழிபாட்டை அன்னியர் ஒருவர் வெளியே நின்று படமாக்கினால் எப்படியிருக்கும் என்று அறிய விரும்புவோர் அத்தொகுதியைப் பார்க்கலாம். அழகாகவே செய்திருக்கிறார், பீடத்தின் முன்னே நிற்பவர் என்ன நம்புகிறார் என்பது மட்டும் அதில் இல்லை.

ஐரோப்பியர் வரைந்தது போக, நம்மவரே அவர்களுக்காக வரைந்ததும் உண்டு. 1540-ஐ ஒட்டிப் போர்த்துக்கீசியர் ஒருவருக்காக இந்திய ஓவியர் தீட்டியதென அறிஞர் கருதும் 76 வண்ணப் படங்கள் உரோமையின் காசனதென்சே நூலகத்தில் உள்ளன. நாட்டுக்கு நாடு ஓர் ஆணும் பெண்ணுமாக அதில் நிற்கின்றனர். இந்தியக் கிறிஸ்தவக் கன்னியர் ஒரு படத்தில் உளர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் இதுவே ஒரு கைத்தொழிலாயிற்று. குயவரும் அவர் மனைவியும், தட்டாரும் அவர் மனைவியும், சலவைத் தொழிலாளியும் அவர் மனைவியும் எனக் கணவன் மனைவி ஜோடிகள், கையில் தத்தம் கருவியோடு, வெற்று வானத்தின் கீழ் நின்றனர். கீழே சாதிப் பெயர் எழுதப்பட்டது. கம்பெனி அதிகாரிகளும் அவர்தம் மனைவியரும் அவற்றைத் தொகுதி தொகுதியாக வாங்கி ஊருக்கு அனுப்பினர். திருச்சியில் அப்பிரகத் தகட்டின்மேல் தீட்டிய சிறு படங்கள் மலிவாகக் கிடைத்தன. இத்தகைய அப்பிரகப் படங்களில் ஒரு விளையாட்டு வகையும் உண்டு. ஓர் அட்டையில் முகம் மட்டும் தீட்டியிருக்கும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தகடுகளில் முகமற்ற உடைகள் தீட்டியிருக்கும். எந்தத் தகட்டை மேலே வைக்கிறோமோ அந்தச் சாதியாக அம்முகம் மாறிவிடும். ஒரே முகந்தான், உடையை மாற்றினால் அரசன், உடையை மாற்றினால் தண்ணீர் சுமப்பவன். குழந்தைகளுக்கு அது நல்ல பொழுதுபோக்காக இருந்திருக்கும். சாதியைப் பற்றி அதைவிடத் தெளிவான பாடம் ஒன்றை நாம் கண்டதில்லை. விற்றவரும் வாங்கியவரும் அதைப் படிக்கவில்லை என்பது வேறு செய்தி.

அந்த ஓவியரைக் குறை கூறவும் மனம் வரவில்லை. மராட்டிய அரசவையின் ஆதரவு சுருங்கிய காலத்தில் அவர் பிழைக்க வேண்டியிருந்தது. வாங்குபவர் கேட்டது சாதியும் உடையும் தொழிலும். அவற்றையே தீட்டிக் கொடுத்தார். மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரி டேனியல் பூர் 1837-இல் தம் நண்பருக்கு அன்பளித்த ஒரு சுவடியில் இவ்விதம் 72 சாதிகள் வண்ணத்தில் உள்ளன. அது இன்று யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பிறகு புகைப்படக் கருவி வந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக இந்திய மக்களின் புகைப்படங்களை அரசே வெளியிட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர் தர்ஸ்டன் மனிதரின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார்; 1909-இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மாறுவேட விருந்துக்கு மாதிரியாக இருந்தது, அரசாங்கப் பதிவேட்டுக்கு மாதிரியாயிற்று.

நூற்றுக்கணக்கான இப்படங்களைப் பார்த்துக்கொண்டே வரும்போது ஒன்று மனத்தை உறுத்துகிறது. எவருக்கும் பெயரில்லை. தச்சரின் பெயர் தச்சர். அவர் மனைவியின் பெயர் தச்சரின் மனைவி. அவர்கள் எந்த ஊரார், எத்தனை பிள்ளைகள் பெற்றவர்கள் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதை நாம் அன்னியர் மேல் போட்டுவிட்டு ஒதுங்கிவிட முடியாது. அத்திப்பட்டு மின்நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகள் ஆகியவற்றை நம்பிப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்திருக்கும் இளைஞர்களை மீஞ்சூர்க் கடைத்தெருவில் நாள்தோறும் காண்கிறோம். அவர்கள் வாயிலிருக்கும் பாக்கும், தோளிலிருக்கும் பையும், தலையிலிருக்கும் துணியும் நமக்குத் தெரியும். வடக்கத்தியான் என்பது நாம் அப்படத்தின் கீழ் எழுதி வைத்திருக்கும் சாதிப் பெயர். சோட்டாநாக்பூர்ப் பகுதியிலிருந்து வருவோரில் நம்மைப்போன்றே கத்தோலிக்கர் பலர். திருப்பலிக்கு வந்து ஆலயத்தின் கடைசியில் நின்று போகின்றவனுடைய திருமுழுக்குப் பெயரைக் கேட்டறிந்தவர்கள் நம்மில் எத்தனை குடும்பங்கள்?

பழவேற்காட்டுக்கு மீண்டும் வருவோம். அங்கிருந்து சென்ற துணிவகைகளில் கட்டம்போட்ட வண்ணக் கைக்குட்டை ஒன்று. பல சதுரங்களாகச் சேர்த்து நெய்து, பின்னர் வெட்டிக்கொள்வர். ஆங்கில அகராதிகளில் புலிக்காட் என்ற சொல்லே அவ்வகைக் கைக்குட்டைக்குப் பெயராக ஏறிவிட்டது. சோழமண்டலக் கரையின் துணிகள் மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்கப் பண்டமாற்றாகவும் கொடுக்கப்பட்டன. அதே பழவேற்காட்டிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் நம் நாட்டு ஏழைகளையும் அடிமைகளாகப் படாவியாவுக்குக் கப்பலேற்றினர். அவர்களை எந்த ஓவியரும் தீட்டி விற்றதாக அறியோம்.

கரிபியன் கடலின் தொமினிக்காத் தீவில் வாழ்ந்து 1796-இல் இறந்த அகுஸ்தீனோ புருனியாஸ் என்ற இத்தாலிய ஓவியர், அத்தீவு மக்களின் உடைகளைத் தீட்டி அச்சிட்டார். தோட்ட முதலாளிகளும் இலண்டன் கனவான்களும் அவற்றை வாங்கினர். ஆப்பிரிக்க வழிவந்த பெண்கள் சந்தையில் துணி விற்கின்றனர், ஆற்றில் துணி துவைக்கின்றனர், நடனமாடுகின்றனர். அவர்களுள் சிலர் தலையில் சுற்றியிருப்பது நம் கரையிலிருந்து போன கட்டம்போட்ட துணி. துணிக்கு நம் ஊரின் பெயர் நிலைத்திருக்கிறது. அதை நெய்தவர் பெயரும், கட்டிக்கொண்டவள் பெயரும் அப்படத்தில் இல்லை.